நான்தான்னா யாரு?

எந்தக் கதவையும் திறக்கிற சாவி ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். கதவைத் தட்ட வேண்டியது; உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால் "நான்தான்" என்று சொல்ல வேண்டியது. அதற்குமேல் தட்டியவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவரே மெனக்கெட்டு யோசித்து, "யாரு, தண்ணி கேன் போடறவரா?" என்று ஒரு ஆளைப் பிடித்துக் கொடுப்பார். "ஆமா" என்றால் கதவு திறந்துவிடும்.

இந்த ஒரு வார்த்தையோடு, வீட்டில் எல்லாரும் பெரியவள் என்று கூப்பிடும் ஒருத்தி பதினேழு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தொழிலே அதுதான். ஆஸ்பத்திரி, கிடங்கு, பள்ளிக்கூடம், கம்பெனி என்று யாராவது கூப்பிட்டு, "எங்க இடத்துக்குள்ள ஒரு திருடன் நுழைய முடியுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அவள் திருடன் மாதிரி நுழைந்து பார்த்து, எங்கெங்கே ஓட்டை என்று அறிக்கை எழுதிக் கொடுப்பாள். பிறகு அங்கே வேலை செய்கிறவர்களை உட்கார வைத்து வகுப்பெடுப்பாள். ஆபீசில் அவளுக்குக் கன்னக்கோல் என்று பட்டப்பெயர். சுவரில் ஓட்டை போடத் திருடர்கள் கொண்டுபோகிற கம்பி அது. அந்தப் பெயரில் அவளுக்குக் கோபம் இல்லை. அந்தக் கம்பிக்கு ஒரு நாளும் வேலை வராமல் போகிறதே என்பதுதான் கோபம்.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டு. கண்ணாடிக் கதவு, அட்டை காட்டினால் திறக்கும் பூட்டு, மேலே மூன்று கேமரா. அவள் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு முழங்கையால் மணியை அமுக்கினாள். ஸ்பீக்கரில் நர்ஸ் குரல், "யாரு?" "நான்தான் சிஸ்டர்." "யாரு, லேப் ஆளா?" "ஆமா." கதவு திறந்தது மட்டுமில்லை, "ஐயோ, கனமா இருக்கா?" என்று ஓடிவந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டார் அந்த மகராசி. பெட்டி காலி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. ஒரு மருந்துக் கிடங்கில் காவல்காரர் "நான்தான் அண்ணே" என்ற சொல்லுக்கு எழுந்து நின்று சங்கிலியை அவிழ்த்தார். ஒரு கம்பெனிக்கு அவள் நேரில் போகக்கூட இல்லை. "நேத்துச் சொன்னேனே, அந்த ஃபைல் இன்னும் வரலை" என்று கீழே பெயர் போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். நாற்பது பேரில் பதினோரு பேர், எந்த ஃபைல் என்று அவர்களே முடிவுசெய்து, ஆளுக்கொன்றாக அனுப்பி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். அந்த மன்னிப்புகளைப் படித்தபோது அவளுக்கு மேஜையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தாக்க வர்றவன் பொய் சொல்றதே இல்லைங்க," என்று ஒவ்வொரு வகுப்பிலும் தொண்டை வற்றக் கத்துவாள். "பொய்யை நாமதான் எடுத்துக் கொடுக்கிறோம். அவன் ஆமாங்கிறான், அவ்வளவுதான். அவன் பூட்டைப் பார்க்கிறது கிடையாது. பூட்டுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன பழக்கம்னு பார்க்கிறான். 'நான்தான்'னு சொன்னா 'நான்தான்னா யாரு?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. பேரை எடுத்துக் கொடுக்காதீங்க!" எல்லாரும் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். மறுவாரமே அதே கதவை அதே வார்த்தைக்கு அதே ஆள் திறப்பார்.

அதெல்லாம் ஊரார் வீட்டுக் கதவு, தொலையட்டும் என்று விடலாம். இப்போது விஷயம் சொந்த வீட்டுக்கே வந்திருந்தது.

அவள் தங்கை சின்னவள் புருஷனை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். வலது மணிக்கட்டு இரண்டு முறை உடைந்திருந்தது. இரண்டு முறையும் கதவில் மாட்டிக்கொண்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். யாராவது துருவிக் கேட்டால், "பரவாயில்லை, சரியாயிடும்" என்பாள். மாப்பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் அப்படி நினைக்கத் தோன்றாது. அதிர்ந்து பேச மாட்டார். விருந்துக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைப்பார். யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்பார், கேட்டதை மறக்கவும் மாட்டார். "உங்க பெரிய பொண்ணு ஒருத்தர் பேசுறதை முழுசாக் கேட்டு நான் பார்த்ததே இல்லை அத்தை," என்று ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். "அவ சின்ன வயசிலேர்ந்தே..." என்று அம்மா ஆரம்பித்ததை, "சரிம்மா, போதும்" என்று வெட்டிவிட்டுத்தான் பெரியவளும் சிரித்தாள்.

கோர்ட்டில் உத்தரவு வாங்கியாகிவிட்டது. சின்னவள் குடியிருக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ இருநூறு மீட்டருக்குள் அவர் வரக்கூடாது, அவளோடு பேச முயலவும் கூடாது. அந்த இடம் எது என்பதை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். காகிதம் யாரையும் தடுக்காது, தெரியாத விலாசம்தான் தடுக்கும் என்பது பெரியவளின் கட்சி. அந்த விலாசம் தெரிந்தவர்கள், கோர்ட்டையும் சின்னவளையும் தவிர, இரண்டே பேர். பெரியவள், அம்மா.

ஊரின் மறுகோடியில் நான்கு மாடிக் கட்டடம், இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. பல் செட் செய்யும் கூடம் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருந்தது. சின்னவள் அங்கே மெழுகில் பல் செதுக்கினாள். நடந்தே போய் நடந்தே வந்தாள். சொந்தச் சம்பளத்தில் ஒரு மேஜை வாங்கி ஜன்னலோரம் போட்டிருந்தாள். அந்த மேஜையைக் காட்டும்போது அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து, இந்த அறையை எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். அங்கே போகும்போதெல்லாம் இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வருவாள். தன்னைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு யாரோடும் பேசாமல் இருக்கத் தெரியாது. தவறான நம்பருக்குப் போன் வந்தாலும் வைக்க மாட்டாள். "இது அந்த வீடு இல்லைங்க. நீங்க எங்கேர்ந்து பேசறீங்க? சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தால், போன் செய்தவரின் மகளுக்கு எந்தப் பல்லில் வலி என்பதுவரை தெரிந்துகொண்டுதான் விடுவாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு விலாசம்! பெரியவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அடையாளச் சொல் ஒன்று. யார் போன் செய்து சின்னவளைப் பற்றிக் கேட்டாலும், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச வேண்டும். முதல் வாரத்துச் சொல் கத்தரிக்கோல்.

சோதித்துப் பார்க்க, ஆபீஸ் சிநேகிதியைவிட்டுப் போன் செய்யச் சொன்னாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"அம்மா, நான்தான்," என்றாள் சிநேகிதி.

"யாரு, பல் கூடத்துல சின்னவளோட வேலை பார்க்கிற பொண்ணா?"

"ஆமாம்மா."

"சொல்லு கண்ணு. இரு, இரு. நீ ஏதோ ஒரு வார்த்தை சொல்லணுமாம். கத்தரிக்கோல்னு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிடும்மா, இல்லாட்டி பெரியவ என்னைத் திட்டுவா."

சிநேகிதி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டாள். பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சொல்லைக் குடை என்று மாற்றினாள். அம்மா இந்த முறை அதைச் சொல்லிவிடவில்லை. "மழைக்குப் பிடிப்போமே, அது" என்று குறிப்பு மட்டும் கொடுத்தாள். "அவங்க முழிக்கும்போது சும்மா இருக்க முடியுதா? பாவமா இருக்கு," என்றாள்.

"பாவமா? நீ பாவம் பார்த்தா அவ கை மூணாவது தடவை உடையும்மா!"

பெரியவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "வாயா அது, சல்லடை. இந்த வாரத்துச் சொல் அதுதான், சல்லடை. உன்னைப் பார்த்தா உனக்கே ஞாபகம் வரும்." அம்மா ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளப் போனாள். "எழுதாதே!" என்று அதற்கும் ஒரு கத்தல்.

அந்த வாரம் வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி. பெரியவள் தன் ஆபீஸ் கட்டடத்திலேயே ஒரு கிடங்கு ஆட்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்து வாசலில், பதிவுசெய்த ஒரு பெண் குரல் நாளெல்லாம் கத்தும்: "வாகனத்தைப் பின்னால் எடுக்கவும்! வாகனத்தைப் பின்னால் எடுக்கவும்!" வருகிற வண்டி, போகிற வண்டி, சைக்கிள், நாய் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை. மூன்று வருடமாக அதை நிறுத்தச் சொல்லிப் புகார் எழுதி எழுதிப் பெரியவள் ஓய்ந்துபோயிருந்தாள். அதன்மேல் தன் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா.

"பெரியவளே, மாப்பிள்ளை போன் பண்ணினாரு."

"என்ன சொன்ன அவன்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அப்ப பின்னால..."

"சாப்பிட்டீங்களாவா? அவனையா?"

"நீ கொஞ்சம் கேளேன். பின்னால ஒரு சத்தம்..."

"எவ்வளவு நேரம் பேசின?"

"பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருக்கும். அது எதுக்குன்னா..."

"பதினஞ்சு நிமிஷம்! அவ்வளவுதான், எல்லாத்தையும் கொட்டியாச்சு. உன்னை வச்சிட்டு நான் என்னதான்ம்மா செய்யறது?" போனை வெட்டினாள். கிடங்கு ஆட்கள் இருபது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு இவ்வளவு போதும்," என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வாசலில் அந்தப் பெண் குரல் கத்தியது. "நீ வேற!" என்று அதையும் திட்டிவிட்டு, எதிரே வந்த வாடகைக் காரை நிறுத்தி ஏறினாள். பஸ் மாறவில்லை, கடைக்குள் நுழையவில்லை, பின்னால் ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தங்கைக்கு ஒரு போன் போடக்கூடத் தோன்றவில்லை. அவர் போய்ச் சேருமுன் சின்னவளை அங்கேயிருந்து கிளப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் ஓடியது. சின்னவளுக்கு அன்று காலை ஷிப்ட், இந்நேரம் அறைக்கு வந்திருப்பாள். வழியில் அம்மா ஏழு தடவை கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கக் கூப்பிடுகிறாள் என்று பெரியவள் எடுக்கவில்லை. எட்டாவது தடவை அம்மா கூப்பிடவும் இல்லை.

கீழே இரும்பு கேட்டைத் தள்ளித் திறந்து, இரண்டு மாடியும் மூச்சிரைக்க ஏறி, கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?"

"நான்தான். திற, சீக்கிரம்."

"நான்தான்னா யாரு?"

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அக்காடி! விளையாடற நேரமா இது?"

"வார்த்தை?"

"சல்லடை! போதுமா? திற!"

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையக்கூட இல்லை. சின்னவளின் குரல் கதவிடுக்கில் மிகவும் பக்கத்தில் கேட்டது.

"அக்கா, நான் திறக்க மாட்டேன். அம்மா போன்ல இருக்காங்க. அவர் போன் பண்ணினது உன் ஆபீஸ் வாசல்லேர்ந்து. நீ போன் பண்ணும்போதெல்லாம் பின்னால ஒருத்தி வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்துவாளே, அந்தச் சத்தம் கேட்டுச்சாம். முதல் தடவை அம்மாவுக்குச் சந்தேகமா இருந்ததாம். இன்னொரு தடவை கேட்கட்டும்னுதான் சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்குன்னு இழுத்திருக்காங்க. நீ ஆபீஸை விட்டு வெளியே வராதேன்னு சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டாங்க. நீ கேட்கலை."

பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவிடமிருந்து அவருக்கு எதுவும் தேவைப்படவே இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தால் அம்மா பெரியவளைக் கூப்பிடுவாள். பெரியவள் பாதியில் வெட்டுவாள். வெட்டிவிட்டு நேராகத் தங்கையிடம் ஓடுவாள். வாசலில் நின்று பின்னால் வந்தால் போதும். ஒன்பது வருடம் தலையாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கடைசிவரை கேட்ட மனிதர். பூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன பழக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழே இரும்பு கேட் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"கோர்ட்ல போட்ட பாதுகாப்பு அதிகாரிகிட்டச் சொல்லிட்டேன், ஆள் வர்றாங்க," என்றாள் சின்னவள். குரல் நடுங்கினாலும் வார்த்தை நடுங்கவில்லை. "எந்தக் கதவுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நீ உள்ளே வந்தா தெரிஞ்சிடும். இங்க நிக்காதக்கா. போ."

பதினேழு வருடத்தில் அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்த முதல் ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. படிக்கட்டில் நிதானமான செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

கீழே போக முடியாது. மேலே போனாள். வேண்டுமென்றே தொம் தொம் என்று மிதித்து, கட்டடமே கேட்க ஏறினாள். மூன்றாம் மாடியில் கண்ணில் பட்ட முதல் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு அம்மாள் குரல்.

"நான்தான்!"

"யாரு, ஒழுகுற குழாயைப் பார்க்க வந்தவங்களா?"

"ஆமா!"

கதவு திறந்தது. இதுவரை இப்படித் திறந்த அத்தனை பேரையும் சபித்தவள், இந்த அம்மாளின் காலில் விழத் தயாராக இருந்தாள். தலை முழுக்கக் கறுப்புச் சாயம், தோளில் பழைய துண்டு. "வாங்க வாங்க, நேத்தே வர்றதாச் சொன்னீங்க," என்று சமையலறையைக் காட்டினார். பெரியவள் உள்ளே பாய்ந்து, கதவைப் படாரென்று சாத்தித் தாழிட்டு, அதில் காதை வைத்தாள்.

செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிக்கு வந்தது. அங்கே நின்றது. பெரியவள் மூச்சுவிடவில்லை. கீழே ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொருத்தியும் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பாள், மணிக்கட்டு உடைந்து கூடிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஒன்று, இரண்டு என்று ஒன்பதுவரை எண்ணினாள். செருப்பு மறுபடி நகர்ந்தது. மேலே ஏறியது. இந்தக் கதவின் முன்னால் வந்து நின்றது.

மென்மையாக மூன்று தட்டு.

"நான்தான்மா. திற. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

சாயம் பூசிய அம்மாளின் முகம் மலர்ந்தது. "யாரு..." என்று ஆரம்பித்து, எடுத்துக் கொடுக்க ஒரு பெயரும் தயாராக வைத்திருந்தார். பெரியவள் எட்டி ஒரு கையால் அவர் தலையைப் பிடித்து மறுகையால் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை முழுக்கச் சாயம். "பேரைச் சொல்லாதீங்க. உங்களைக் கும்பிடறேன். 'நான்தான்னா யாரு'ன்னு மட்டும் கேளுங்க."

"ஏன்? நல்லாத்தானே பேசுறாரு," என்று கிசுகிசுத்தார் அந்த அம்மாள்.

"நல்லாத்தான் பேசுவாரு!"

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, நிமிர்ந்து நின்று, கதவைப் பார்த்து, "நான்தான்னா யாரு?" என்றார்.

வெளியே பதில் வரவில்லை.

"யாருன்னு கேட்கிறேன்ல?"

பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் அவரை இதுவரை நிறுத்தி வைத்ததில்லை போலிருந்தது. "நான்தான்," என்றார் மறுபடியும். பிறகு, "அக்கா, நீங்க உள்ளே இருக்கிறது தெரியும். கூப்பிடுங்க அவளை," என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. கதவுதான் ஒரு உதை வாங்கி அதிர்ந்தது. சாயக்கார அம்மாள் துள்ளிப் பின்வாங்கி, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். இருவரும் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். அப்படி எத்தனை நேரம் நின்றார்களோ, கீழே கேட் மறுபடி திறந்தது, பல காலடிகள் ஓடி வந்தன. ஒரு பெண் குரல் அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, நகராமல் நிற்கச் சொன்னது.

உத்தரவை மீறியதற்கு அவரைக் கொண்டுபோனார்கள். அவர் பெரியவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் இறங்கினார். வெளியே வர எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு அதிகாரி சரியாகப் பதில் சொல்லவில்லை. "அவங்க இங்க இருக்க வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். "கட்டடம் தெரிஞ்சு போச்சு. வேலையையும் மாத்திக்கணும்."

அன்று சாயங்காலமே சின்னவள் சாமான் கட்டினாள். நாலைந்து அட்டைப்பெட்டி, ஒரு பை. மேஜையைக் கொண்டுபோக வழியில்லை. சாயக்கார அம்மாள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ இடத்துக் கதவுகளைக் குறை சொல்லி அறிக்கை எழுதியவளுக்கு இங்கே ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "என்னாலதான்," என்றாள். "மன்னிச்சிடுடி."

"பரவாயில்லைக்கா," என்றாள் சின்னவள், பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டே.

மணிக்கட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சொன்ன அதே பரவாயில்லை, அதே குரல். அது தன்னிடமே வரும் என்று பெரியவள் நினைத்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மூன்று வாரம் கழிந்தது. பெரியவள் வகுப்பெடுத்தாள். முதல் வாரம் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் உள்ளங்கையின் கறை தெரிந்தது. சோப்பு, எலுமிச்சை எதற்கும் முழுசாகப் போகவில்லை. சின்னவள் போன் செய்யவில்லை. நம்பரும் மாறியிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான்தான். அவ எங்க இருக்கா?"

"நான்தான்னா யாரு?"

"அம்மா! என் குரல் தெரியலையா உனக்கு?"

அம்மா பேசாமல் இருந்தாள். யாருடைய பெயரையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பெரியவதான்ம்மா."

"வார்த்தை?"

"சல்லடை."

"அது பழசு. மாத்திட்டோம்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"சின்னதும் நானுமா மாத்தினோம். அவதான் சொன்னா, இந்தத் தடவை விலாசம் என்கிட்ட மட்டும் இருக்கட்டும்னு. உன்கிட்ட வேண்டாம்னு வாயால சொல்லலை. ஆனா வேண்டாம்னுதான் அர்த்தம்."

பெரியவளுக்குக் கோபம் தலைக்கு ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. "ஒரு குறிப்பாவது கொடும்மா," என்றாள். கெஞ்சல் மாதிரிதான் வந்தது.

"குறிப்புக் கொடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" அம்மாவின் குரல் இறங்கியது. "அவ நல்லா இருக்கா. ராத்திரி தூங்கறா. அது போதும் உனக்கு இப்போதைக்கு. நீ சாப்பிட்டியா? பின்னால ஏதோ தண்ணி விழற சத்தம் கேட்குதே, குழாயைத் திறந்துபோட்டுட்டு வந்துட்டியா?"

ஆமாம், திறந்துதான் கிடந்தது. "சரிம்மா, போதும்" என்று சொல்ல வாயெடுத்தவள், வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் வெள்ளையடிப்பதையும், முழங்கால் வலிக்கு மாத்திரை மாற்றியதையும், மாத்திரை கொடுத்த பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பதையும் அம்மா சொல்லிக்கொண்டே போனாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் போனை வைக்கவில்லை.